கரண்ட் கேட்காத காது

கே: பேட்டரி தீராத ரேடியோ வந்துவிட்டதாமே, நிஜமா?
(வாசகர், போனக்காடு)

ப: நிஜம், ஆனால் இன்னும் ஆய்வுக்கூடத்தில். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிளார்க் நுயென் குழு 2008-ல் ‘ரெசோஸ்விட்ச்’ என்ற நுண்ணிய ஸ்விட்சைக் காட்டியது. 2015-ல் அதை வைத்தே ஒரு ரிசீவர் செய்தார்கள். பாட்டுக் கேட்க உதவாது, குறுஞ்சேதி பிடிக்கும்.

கே: கரண்ட் இல்லாமல் எப்படிக் கேட்கும்?

ப: தாளம் தப்பாமல் தள்ளினால் சிறு பிள்ளைகூட ஊஞ்சலை உயரே ஏற்றிவிடும். தாளம் தப்பினால் பயில்வான் தள்ளினாலும் ஏறாது. இங்கே ஆடுவது சிலிக்கானில் செதுக்கிய சட்டம். தனக்குரிய அதிர்வெண்ணில் அலை வந்தால் மட்டும் அது வேகமாக ஆடி, எதிரே உள்ள உலோக முனையைத் தட்டும். தட்டினால்தான் சர்க்யூட் மூடும், மின்சாரம் ஓடும். மற்ற நேரமெல்லாம் நடுவே வெறும் இடைவெளி. ஓடுவதற்கு வழியே இல்லாத மின்சாரம் எங்கே செலவாகும்?

கே: சாதாரண ரேடியோ சிப் அவ்வளவா குடிக்கிறது?

ப: 10 மில்லிவாட்டில் விடாமல் காது கொடுத்தால் ஒரு பட்டன் செல் மூன்று நாளில் காலி. அமெரிக்க ராணுவத்தின் டார்பா அமைப்பு ‘என்-ஜீரோ’ திட்டத்தில் வைத்த இலக்கு 10 நானோவாட். பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

கே: எங்கள் மலைக்குள் அலை வருமா?

ப: மிகத் தாழ்ந்த அதிர்வெண் என்றால் வரும். உங்கள் மலைக்கு அந்தப் பக்கம், விஜயநாராயணத்தில், கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 முதல் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்புகிறது. அந்த அலையின் நீளம் 15 கிலோமீட்டருக்கு மேல். மலை அதற்குத் தடையில்லை. பெர்க்லி ரிசீவர் பிடித்ததும் இந்த இனத்து அலைதான்.

கே: குறையே கிடையாதா?

ப: உண்டு. தட்டித் தட்டி முனை தேயும், சில சமயம் ஒட்டிக்கொள்ளும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்கு ஆன்டெனாவும் பெரிதாக வேண்டும்.

கே: தோட்டத்து லயன் வீட்டில், லயத்தில், குடியிருக்கிற எங்களுக்கு இதனால் என்ன?

ப: 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் போனார்கள், நம் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கரண்டும் போனும் செத்துக் கிடந்ததால் வெளியுலகுக்குத் தெரியவே மறுநாள் காலை ஆயிற்று. சரிவை முன்கூட்டி உணரும் கருவிகளை மூணாறு அந்தோணியார் காலனியில் அமிர்தா பல்கலைக்கழகம் 2009-லேயே வைத்துவிட்டது. அந்தக் கருவிகள் தரும் எச்சரிக்கையை, கரண்ட் போன லயத்திலும் பிடித்து ஊதுகிற சங்கு ஒன்று வேண்டும். ஆண்டுக்கணக்கில் செல் மாற்றாமல் காத்திருக்கும் சங்குக்கு இந்த ஸ்விட்ச் பொருந்தும். நுண்கருவி செய்யும் கூடம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலேயே இருக்கிறது. லயத்துக்கு ஒரு சங்கு கேட்டு அவர்களுக்கும் கேரள அரசுக்கும் மனு எழுதுங்கள். நகல் ஒன்று எங்களுக்கு அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.