சர்க்கார் என்னும் உறவினர்

மனுஷ்ய சம்பந்தங்களின் தாரதம்மியத்தை அறிய விரும்புவோர் தர்ம சாஸ்திரங்களைப் புரட்டிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை; உயில் எழுதாமல் ஓர் ஆண்மகன் கண்மூடினால் அவன் ஆஸ்தி யாரைச் சேரும் என்று விதிக்கும் 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் பார்த்தாலே போதும். மனைவி, மக்கள், பெற்ற தாய் முதலானோர் முதல் வகுப்பில் அமர்ந்திருக்க, பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிக் கல்யாணக் கடனும் பட்டு அவனை ஆளாக்கிய தகப்பனாரோ, ரயிலுக்குத் தாமதமாக வந்தவரைப்போல் இரண்டாம் வகுப்பில் ஏற்றப்பட்டிருக்கிறார்; அங்கே அவருக்கே பிரதம ஸ்தானம் என்றாலும், முதல் வகுப்பில் ஒரே ஒரு ஜீவன் எஞ்சியிருந்தாலும் அவர் கைக்குச் சல்லிக்காசு வராது. சகோதரர்கள் அவருக்கும் பின்னால். (இதற்கா அத்தனை பங்காளிச் சண்டை!) தீபாவளிக்குத் தீபாவளி மோதிரம் எதிர்பார்க்கும் மாப்பிள்ளைக்கு, மாப்பிள்ளை என்ற ஹோதாவில், எந்த வகுப்பிலும் இடமில்லை என்பது மாமனார்களுக்குக் காலம் கடந்து கிடைக்கும் ஆறுதல், அக்காள் மகனையே மாப்பிள்ளையாக்கிக்கொண்ட நம்மூர்க் குடும்பங்களில் மட்டும், மருமான் என்ற முறையில் அவர் இரண்டாம் வகுப்பின் பின்வரிசையில் நுழைந்துகொள்ளலாம். பிராண சிநேகிதரைப் பற்றிப் பேச்சே கிடையாது. தூரத்து ரத்த பந்துக்கள்கூட ஒருவரும் அகப்படாத பட்சத்தில், 29-ஆம் பிரிவின்படி சர்க்காரே வந்து ஆஸ்தியை ஏற்றுக்கொள்கிறது. அதன்மேலுள்ள கடன் பொறுப்புகளுக்கு உட்பட்டே ஏற்கிறது என்பதால், இனத்தார் பலரைவிட அது யோக்கியமான பந்துதான்.