மாமாவுக்கு இரண்டு மூக்கு

உங்கள் கையில் இருக்கும் செல்போன் இருட்டிலும் படம் எடுக்கிறது. கூட்டத்தில் முகங்களைத் தேடிப் பிடிக்கிறது. பின்னால் நிற்கும் ஆட்டோவை விரலால் தேய்த்தால் அழித்தும் விடுகிறது. இந்தக் காலத்தில் ஆட்டோஃபோகஸ் இல்லாத, ஜூம் இல்லாத, எடுத்த படத்தைப் பார்க்க ஸ்க்ரீன்கூட இல்லாத கேமராவை லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். வாங்கிய கையோடு, "இதுதான் சார் நிஜமான போட்டோகிராஃபி" என்று நமக்குப் பாடமும் எடுக்கிறார்கள். பணமும் போய், தொண்டையும் வறண்டு... பாவம்!

அந்த வஸ்துவின் பெயர் ரேஞ்ச்ஃபைண்டர். முன்பக்கத்தில் இரண்டு ஜன்னல்கள். இரண்டின் வழியாகவும் வரும் காட்சிகள், வியூஃபைண்டரின் நடுவே ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். ஃபோகஸ் சரியில்லை என்றால் எதிரே நிற்கும் மாமாவுக்கு இரண்டு மூக்கு தெரியும். லென்ஸைத் திருகத் திருக மூக்குகள் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் ஆகிவிட்டது என்று அர்த்தம். அதற்குள் மாமா பந்திக்குப் போயிருப்பார்.

இந்த அவஸ்தையைத்தான் பக்தர்கள் 'நிதானம்', 'தியானம்', 'தவம்' என்றெல்லாம் புகழ்கிறார்கள். சரி, இந்தத் தவத்தைத் தொடங்கிவைத்த மகரிஷி யார் என்று தேடிக்கொண்டு போனால், அங்கே உட்கார்ந்திருப்பவர் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒரு மெக்கானிக்!

ஆஸ்கர் பார்னாக். ஜெர்மனியின் வெட்ஸ்லர் ஊரில், மைக்ராஸ்கோப் தயாரிக்கும் லைட்ஸ் கம்பெனியில் வேலை. மலை, காடு என்று சுற்றிப் படம் எடுக்கக் கொள்ளை ஆசை. கூடவே ஆஸ்துமா. அன்றைய கேமராவோ பெரிய பெட்டி, கண்ணாடித் தகடுகள், மூன்றுகால் ஸ்டாண்டு என்று வீடு காலி செய்கிற மாதிரி ஒரு மூட்டை. மனிதர் தவமெல்லாம் இருக்கவில்லை. 'இந்தக் கர்மத்தை யார் தூக்குவது?' என்று மட்டும் யோசித்தார். 1914 வாக்கில் கோட்டுப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஒரு கேமரா தயார்.

சினிமா ஃபிலிமை எடுத்துப் படுக்கவாட்டில் ஓடவிட்டார். சினிமாவின் ஒரு ஃபிரேமை இரட்டிப்பாக்கி 24×36 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டார். அவ்வளவுதான் கணக்கு. இன்றைக்கு 'ஃபுல் ஃபிரேம்' என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு கடன் வாங்கியாவது வாங்குகிறோமே, அந்தப் புனித அளவு இப்படிக் கைக்குக் கிடைத்த ஃபிலிமில் பிறந்ததுதான்.

நடுவில் உலகப்போர் வந்து போனது. 1924-ல் முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் தலைமையில் ஆலோசனைக் கூட்டம். இத்தனூண்டு நெகட்டிவை எவன் சீந்துவான், போர் முடிந்த வறுமையில் இதெல்லாம் தேவையா என்று எதிர்ப்பு. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட முதலாளி, ரிஸ்க் எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அடுத்த வருடம் லைப்ஜிக் பொருட்காட்சியில் 'லைக்கா' என்ற பெயரில் அந்தக் கேமரா அரங்கேறியது. பெரிய பெட்டிக் கேமராக்காரர்கள் அதைப் பார்த்து, 'பொம்மை நன்றாக இருக்கிறதே' என்று புன்னகைத்தார்கள். செல்போனில் படம் எடுப்பவரைப் பார்த்து இன்றைய லைக்காக்காரர் விடுகிறாரே ஒரு புன்னகை, அது அன்றைக்கு அவருடைய தாத்தா கேமரா வாங்கிக் கட்டிக்கொண்டதுதான்!

விற்பனைக்கு வருமுன் வெள்ளோட்டத்துக்காகச் செய்த சில கேமராக்களில் 105-ம் எண்ணைப் பார்னாக்கே வைத்துக்கொண்டிருந்தார். 2022-ல் அது ஏலத்துக்கு வந்தது. போன விலை 1 கோடியே 44 லட்சம் யூரோ. ரூபாயில் 100 கோடியைத் தாண்டும். ரேஞ்ச்ஃபைண்டர் உலகமே கைகூப்பி நின்ற அந்த விக்கிரகத்தில் ஒரே ஒரு குறை. ரேஞ்ச்ஃபைண்டர் கிடையாது! தூரத்தைக் கண்ணாலேயே அளந்து குத்துமதிப்பாகத் திருக வேண்டும். மூக்குகளைச் சேர்க்கும் ஏற்பாடு கேமராவுக்குள்ளேயே குடிவந்தது 1932-ல்தான்.

லைக்காவின் புகழ் ஜப்பானுக்குப் போனது. அங்கே கோரோ யோஷிதா என்றொரு கேமரா பைத்தியம். ஒரு லைக்காவை ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றிப் பரப்பிவைத்துப் பார்த்தார். உள்ளே வைரமும் இல்லை, வைடூரியமும் இல்லை. பித்தளை, அலுமினியம், இரும்பு, ரப்பர். இதற்கா இந்த விலை என்று அவருக்கு வந்ததே கோபம்! நமக்குக் கோபம் வந்தால் ஆன்லைனில் ஒற்றை ஸ்டார் கொடுப்போம். அவர் கேமரா செய்யவே உட்கார்ந்துவிட்டார்.

1934-ல் உருவான அந்த மாதிரிக்குக் கருணைத் தெய்வமான குவானனின் பெயர். லென்ஸுக்குப் புத்தரின் சீடர் மகாகாசியபரின் நினைவாகக் 'கசியபா'. ஃபோகஸ் தப்பினாலும் புண்ணியம் நிச்சயம்! குவானன் பிறகு கேனன் ஆனது. கடைக்கு வந்த முதல் கேனனுக்கு லென்ஸ் செய்து கொடுத்த கம்பெனி எது தெரியுமா? நிப்பான் கோகாக்கு, அதாவது இன்றைய நிக்கான். கேனனா நிக்கானா என்று கல்யாண மண்டப வாசலில் முட்டிக்கொள்ளும் போட்டோகிராஃபர்களே, முதல் கேனனுக்குக் கண் கொடுத்ததே நிக்கான்தான் ஐயா!

சோவியத்காரர்கள் கோபமெல்லாம் படவில்லை, நேராகக் காப்பி அடித்தார்கள். அதிலும் ஒரு புதுமை. கார்கோவ் நகரில், தெருவில் திரிந்த அநாதைச் சிறுவர்களைத் திருத்துவதற்காகக் கல்வியாளர் மகரெங்கோ நடத்திய கம்யூனில், அந்தப் பிள்ளைகளே லைக்காவைப் பார்த்துக் கேமரா செய்தார்கள். பெயர் 'ஃபெட்'. ரகசியப் போலீஸைத் தொடங்கிய ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ட்ஸெர்ஜின்ஸ்கியின் இனிஷியல். போலீஸ்காரர் பெயரில் திருட்டு நகல்!

கதை அதோடு நிற்கவில்லை. பிற்பாடு சில கெட்டிக்காரர்கள் இந்த ஃபெட் கேமராக்களைத் தேய்த்து, தங்க முலாம் பூசி, 'லைக்கா' என்றும் நாஜிக் கழுகு என்றும் பொறித்து, பழம்பொருள் பிரியர்கள் தலையில் கட்டினார்கள். லைக்காவைப் பார்த்து ஃபெட், அந்த ஃபெட்டைச் சுரண்டி லைக்கா. பூமி உருண்டை என்பது நிரூபணமானது.

கேமரா கிடக்கட்டும், அதைப் பிடித்த மகான்களாவது? ராபர்ட் காப்பாவை எடுத்துக்கொள்வோம். உலகப் புகழ்பெற்ற போர்ப் புகைப்படக்காரர். அப்படி ஒரு ஆளே ஆரம்பத்தில் கிடையாது. எந்த்ரே ஃபிரீட்மன் என்ற ஹங்கேரி இளைஞரும் அவருடைய காதலி கெர்டா டாரோவும் பாரிஸில் பட்டினி கிடந்தபோது, 'காப்பா என்றொரு பெரிய அமெரிக்கப் போட்டோகிராஃபர்' என்று கதை கட்டிப் படங்களை நல்ல விலைக்குத் தள்ளினார்கள். குட்டு வெளிப்பட்டதும், ஃபிரீட்மனே காப்பாவாகிவிட்டார். ஃபேக் ஐடி வெரிஃபைட் ஆன முதல் கேஸ் இதுவாகத்தான் இருக்கும்.

1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் குண்டுமழைக்கு நடுவே காப்பா இறங்கினார். கையில் கான்டாக்ஸ். லைக்காவின் ஜன்னல்களைவிட இதன் ஜன்னல்கள் அதிகம் விலகியிருக்கும், அதனால் ஃபோகஸ் துல்லியம் என்று பெயர்வாங்கிய ரேஞ்ச்ஃபைண்டர். வந்த படங்களோ கலங்கிய குட்டை மாதிரி. லண்டன் லேபில் ஒரு பையன் அதிகச் சூடு காட்டி ஃபிலிமை உருக்கிவிட்டான், மிஞ்சியது பதினொன்றுதான் என்று பல வருடம் சொல்லிவந்தார்கள். அந்தப் பையன் மேல் போட்ட பழி நிற்காது, காப்பா எடுத்ததே கொஞ்சம்தான் என்று இப்போது ஆராய்ச்சிக்காரர்கள் வாதாடுகிறார்கள். காப்பா இதற்கெல்லாம் அசருகிற ஆளா? 'கொஞ்சம் அவுட் ஆஃப் ஃபோகஸ்' என்றே தன் நினைவுக் குறிப்புகளுக்குத் தலைப்பு வைத்துவிட்டார். அரியர் வைத்த பேப்பரை ஃபிரேம் போட்டு மாட்டிய கில்லாடி!

அடுத்து ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். இவர் பெயரைச் சொல்லும்போது ரேஞ்ச்ஃபைண்டர்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எடுத்த படத்தை ஓரம் வெட்டுவது பாவம், சட்டத்துக்குள் எல்லாம் அந்தக் கணத்திலேயே அமைந்துவிட வேண்டும் என்பது இவருடைய கொள்கை. 1932-ல் பாரிஸ் ரயில் நிலையத்தின் பின்னால், தேங்கிய தண்ணீரை ஒரு ஆள் தாண்டும் அந்தப் படம்தான் இவருடைய முத்திரை. வேலிப் பலகையின் இடுக்கில் கேமராவை நீட்டி எடுத்தது. பலகையும் படத்தில் விழுந்துவிட்டது. என்ன செய்தார்கள்? வெட்டினார்கள். வெட்டாதே என்ற வேதத்தின் முதல் மந்திரமே வெட்டியது!

யார் கண்ணிலும் படக்கூடாது என்று தன் லைக்காவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தவர் இவர். இன்றைய சீடர்களும் லைக்காவின் சிவப்புப் பொட்டின் மேல் கறுப்பு டேப் ஒட்டுகிறார்கள். ஒட்டிவிட்டு, இரண்டு நிமிடத்துக்குள் அது என்ன கேமரா என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

பிரெஸ்ஸோன் நம் பக்கமும் வந்திருக்கிறார். 1950 ஏப்ரலில் புதுச்சேரியில் அரவிந்தரையும் திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களையும் படம் எடுத்தார். நிஜமான தவத்தை நேரில் பார்த்த மனிதர் என்பதாலோ என்னவோ, கேமராவோடு காலமெல்லாம் தவம் கிடக்கவில்லை. 1970-களில் அதை ஓரமாக வைத்துவிட்டுப் பென்சிலும் பேப்பருமாகப் படம் வரைய உட்கார்ந்துவிட்டார். குருநாதர் மடத்தை விட்டுப் போனது சீடர்களுக்கு இன்னும் தகவல் வரவில்லை போலிருக்கிறது.

'ஃபிலிம் என்றால் காசு. அதனால் ஒவ்வொரு படத்தையும் யோசித்து எடுப்போம்' என்று ஒரு வாதம் உண்டு. இப்படிச் சொல்பவரிடம் நியூயார்க்கின் கேரி வினோகிராண்டை அறிமுகப்படுத்துங்கள். தெருவில் லைக்காவும் கையுமாக நடந்தபடியே சுட்டுத் தள்ளியவர். 1984-ல் அவர் காலமானபோது, எடுத்தும் கழுவாமலே கிடந்தவை மட்டும் சுமார் 2,500 ரோல். ரோலுக்கு 36 என்றால் 90,000 படம். வாட்ஸ்அப் குரூப்பில் நம் பெரியப்பாகூட இந்த வேகத்தில் அனுப்புவதில்லை.

இதற்குள் 1959-ல் நிக்கான் எஃப் வந்து, லென்ஸ் வழியாகவே பார்க்கிற எஸ்.எல்.ஆர். கேமராக்கள் தொழில்காரர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டன. பிறகு டிஜிட்டல். ரேஞ்ச்ஃபைண்டர் அத்தோடு மியூசியத்துக்குப் போயிருக்க வேண்டும், நியாயப்படி. ஆனால் மனிதனின் வீம்பு எந்த நியாயத்துக்குக் கட்டுப்பட்டது?

2004-ல் எப்சன் கம்பெனி முதல் டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டரைக் கொண்டுவந்தது. உள்ளே ஃபிலிம் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிம் சுற்றுவதுபோல லீவரை இழுத்தால்தான் ஷட்டர் தயாராகும். 2006-ல் லைக்கா எம்8 வந்தது. சில கறுப்புத் துணிகளைக் கத்தரிப்பூ நிறத்தில் காட்டியது. மாப்பிள்ளையின் கறுப்பு கோட் என்ன கதியாகியிருக்கும், யோசியுங்கள். கம்பெனி ஆளுக்கு இரண்டு ஃபில்டரை இலவசமாகக் கொடுத்துச் சமாளித்தது. 2012-ல் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும் டிஜிட்டல் லைக்கா. கலர் வராதது அதில் கோளாறு இல்லை, சிறப்பம்சம்!

2018-ன் எம்10-டிதான் உச்சம். பின்பக்கம் ஸ்க்ரீனை எடுத்துவிட்டார்கள். கூடவே ஃபிலிம் சுற்றும் லீவர் மாதிரியே ஒன்றை வைத்தார்கள். அதை இழுத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. கட்டைவிரலை வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

உச்சத்துக்கும் மேலே ஒன்று உண்டு. 2015-ல் பாடகர் லென்னி கிராவிட்ஸுடன் சேர்ந்து ஒரு சிறப்புப் பதிப்பு, மொத்தம் 125 செட். ஃபேக்டரியிலேயே கையால் பெயின்டைச் சுரண்டி, உள்ளே இருக்கும் பித்தளை தெரிகிற மாதிரி தேய்த்துக் கொடுத்தார்கள். பல போர்க்களங்களைப் பார்த்த கேமரா போல இருக்கும். விலை 24,500 டாலர். கிழித்து விற்கும் ஜீன்ஸுக்கு ஒரு அண்ணன் கிடைத்தான். காப்பா உயிரைக் கொடுத்துச் சம்பாதித்த கீறல், இப்போது கிரெடிட் கார்டில் கிடைக்கிறது.

சிரிப்பது சுலபம். ஆனாலும் இந்த மோகத்துக்குள் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது. செல்போனில் எடுத்த படம் பிரமாதமாக இருந்தால் எல்லோரும் என்ன கேட்கிறார்கள்? "எந்த போன்?" படம் எடுத்த மகராசனை யாரும் கேட்பதில்லை. ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. படம் நன்றாக வந்தால் நான் எடுத்தது. சொதப்பினாலும் நான் எடுத்தது. பெயரை மாற்றிக்கொண்ட காப்பாவிலிருந்து, கோபத்தில் கேமரா செய்த யோஷிதா வரை எல்லோருக்கும் வேண்டியிருந்தது அந்த 'நான்'தான். சுமை குறைய ஒரு மனிதர் கண்டுபிடித்ததை, நாம் சுமந்தால்தான் பெருமை என்று தலையில் தூக்கி வைத்திருப்பதன் ரகசியம் இதுவே.

இந்த 'நான்' வேண்டும் என்றால் லட்சங்கள் அவசியமில்லை. 1966-ல் வந்த யாஷிகா எலெக்ட்ரோ 35 இன்றும் பழைய கேமரா விற்பவர்களிடம் கிடைக்கும். 2012-ன் ஸ்பைடர்மேன் படத்தில் பீட்டர் பார்க்கரே அதைத்தான் கழுத்தில் மாட்டியிருந்தார். ஃபிலிம் லீவரைச் சுற்றும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் உள்ளே ஒரு ரப்பர் துண்டு கரைந்துபோயிருக்கும்; விலையைக் குறைத்துப் பேசுங்கள். அதற்கென்று இருந்த பாதரச பேட்டரி இப்போது கிடையாது, அடாப்டரையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாங்கிவிட்டீர்களா? ஒரே ஒரு விஷயம். ரேஞ்ச்ஃபைண்டரில் நீங்கள் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை, தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறீர்கள். லென்ஸ் மூடி அப்படியே இருந்தாலும் வியூஃபைண்டரில் உலகம் ஜோராகத் தெரியும். இரண்டு மூக்கும் அழகாக ஒன்று சேரும். ஷட்டர் 'க்ளிக்' என்னும். மாமாவும் பொறுமையாகப் போஸ் கொடுப்பார். லேபிலிருந்து வரும் 36 படமும் மையிருட்டாக இருக்கும். கவலைப்படாதீர்கள், எந்த போன் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்!