வேரா, பூந்தண்டா? பால்கனி ஆர்க்கிட் பற்றிய பரபக்க, சுபக்க ஆராய்ச்சி

தை பிறந்த நாலாம் நாள் காலை, எங்கள் வீட்டு ஃபலினாப்சிஸ் ஆர்க்கிட்டின் மூன்றாம் இலைக்கடியில் பச்சையாக ஒரு முளை தென்பட்டது. நீளம் 4 மில்லிமீட்டர். அது வேரா, பூந்தண்டா என்பதே இவ்வாய்வின் பொருள். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் முனைவர் பட்டம் கொடுத்திருப்பதால், ஆய்வின் தேவையைத் தனியே நிறுவ வேண்டியதில்லை.

முதலில் களம். செடி மூன்று வருடத்துக்கு முன் பூவோடு வாங்கியது. பூ இரண்டரை மாதம் நின்றது; அப்புறம் வெறும் இலைதான். தொட்டியில் மண் கிடையாது. அடுப்புக்கரி, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு, அவ்வளவே. காட்டில் மரத்தைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தாலும் மரத்தின் சாற்றை உறிஞ்சாத செடி இது. மாமியார் மட்டும் இன்றுவரை "புல்லுருவி" என்கிறார். (அவரையும் முற்றாகத் தள்ள முடியாது. வாண்டா என்னும் ஆர்க்கிட் பேரினத்தின் பெயரே வடமொழியிலிருந்து வந்ததுதான். அங்கேயும் அந்தச் சொல் மரத்தில் தொற்றும் செடிகளையெல்லாம் ஒன்றாகத்தான் சேர்க்கிறது.)

மூன்று வருடம் ஏன் பூக்கவில்லை? இதற்குத் தொல்காப்பியத்தில் விடை இருக்கிறது. மரபியல் செடிகொடிகளை ஓரறிவுயிர் என்கிறது. அந்த ஓரறிவு தொட்டு அறிவது. சூடும் குளிரும் தொட்டு அறிபவைதாமே? ஃபலினாப்சிஸ் பூந்தண்டு விட, சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சி படவேண்டும். 28 டிகிரிக்கு மேலேயே வைத்திருந்தால் இலை விட்டுக்கொண்டே காலம் தள்ளும். பண்ணைக்காரர்கள் கூடாரத்தையே குளிரூட்டிக் காரியத்தைச் சாதிக்கிறார்கள். சென்னையிலோ அந்த ஓரறிவுக்கு வெயில், புழுக்கம், மறுபடி வெயில் என்றுதான் தகவல் போகிறது. மார்கழி விடியலில் மட்டும் 21, 22 வரை இறங்கும். ஆகவே அந்த மாதம் முழுக்கத் தொட்டி வெளியே தொங்கியது. தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு நான் தினமும் போய் விசாரித்துவந்தேன்.

இனி, சிவஞான சித்தியார் முறைப்படி முதலில் பரபக்கம். இது என் மனைவியின் தரப்பு. "ஏங்க, இது வேருங்க. நுனி உருண்டையா பளபளன்னு இருக்கு, பாருங்க." ஆர்க்கிட் வேரின் நுனி அப்படித்தான் இருக்கும். நுனிக்குப் பின்னால் பஞ்சு போன்ற உறை ஒன்று போர்த்தியிருக்கும்; காய்ந்தால் வெள்ளிநிறம், நனைந்தால் பச்சை. தண்ணீர் ஊற்றலாமா என்று தெரிந்துகொள்ள இந்த நிறமே போதும். வெள்ளி எங்கே என்று கேட்டேன். "இப்பதானே தண்ணி தெளிச்சீங்க?" என்றாள். சாட்சியை நானே நனைத்துவிட்டிருந்தேன்.

அடுத்து சுபக்கம், அதாவது என் தரப்பு. பூந்தண்டின் நுனி சற்றே சப்பையாக, கைக்குழந்தைக்குப் போடும் விரலில்லாத கையுறை மாதிரி இருக்கும். இலைக் கக்கத்தில் கிளம்பி வெளிச்சத்தை நோக்கி ஏறும். எங்கள் முளை கக்கத்தில்தான் இருந்தது, மேல்நோக்கியும் இருந்தது. இளம் வேரும் சில சமயம் மேலே கிளம்புவதுண்டு. இதை அடிக்குறிப்பில் ஒளித்திருப்பேன். ஆனால் என் மனைவி அடிக்குறிப்பையும் படிப்பவள்.

பன்னிரண்டாம் நாள் நீளம் 11 மில்லிமீட்டர். ஒரு பக்கம் பார்த்தால் சப்பை, மறுபக்கம் பார்த்தால் உருண்டை. பூதக்கண்ணாடியை இடது கையில் பிடித்து, வலது கை ஆள்காட்டி விரலால் முளையை லேசாகத் திருப்பினேன். 'டக்'கென்று ஒரு சத்தம். வெண்டைக்காய் முற்றலா என்று நுனியை ஒடித்துப் பார்க்கும்போது கேட்குமே, அதே சத்தம்.

ஒடிந்த துண்டைச் சான்றுப் பொருளாகக் குங்குமச் சிமிழில் பத்திரப்படுத்தினேன். நாலே நாளில் அது சுருங்கிப் பழுப்பாகிவிட்டது. நேற்று சிமிழைத் திறந்த மாமியார், "கிராம்பை யாரு இதுல போட்டு வெச்சது?" என்றார்.

கிராம்பு என்பது உலர்த்திய பூமொட்டு. அவருடைய வாக்கை என் தரப்பில் வரவு வைத்துக்கொண்டேன்.