கண்ணடிக்கும் மான்

திருப்பூரில் கிறிஸ்துமஸ் எப்போது?
(பல்லடம் வாசகர்)

பனியன் கம்பெனிக்கு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடிந்துவிடும். கலைமான் போட்ட குட்டிப் பைஜாமாக்கள் அப்போதே தூத்துக்குடியில் கப்பல் ஏறினால்தான் லண்டன் கடையில் நேரத்துக்குத் தொங்கும். டிசம்பரில் இங்கே தைப்பது அந்த ஊர்க் கோடைக்கான டி-ஷர்ட். பிள்ளைகளுக்கு மட்டும்தான் காலண்டர் தேதியில் வருகிறது, அரையாண்டுப் பரீட்சை லீவோடு. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் லீவு விட்ட சாமி நல்ல சாமி.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. நாலு வயசு மகன் வாசலில் ஸ்டார் கட்டச் சொல்லி அடம்பிடிக்கிறான்.
(பெருமாநல்லூர் வாசகி)

கார்த்திகைக்குப் போட்ட சீரியல் லைட் இன்னும் தொங்குகிறதல்லவா? நடுவில் ஒரு ஸ்டாரை மாட்டுங்கள். கரண்ட் பில் மதம் பார்க்காது.

குடில் வைக்க நிறையச் செலவாகுமோ?
(காங்கேயம் வாசகர்)

1223-இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலுக்கு வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. காங்கேயத்துக்காரருக்கு மாட்டைப் பற்றி நான் சொல்லவா? லைன் வீட்டுப் பொடிசுகளைப் பாருங்கள். எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தால் தொழுவம். கட்டிங் டேபிளில் விழுந்த துண்டைச் சுற்றினால் குழந்தை இயேசுவுக்கு உடுப்பு. பெத்லகேமில் கந்தைத்துணி, இங்கே கோம்ப்டு காட்டன்!

பனிக்கு எங்கே போவது?
(அவிநாசி வாசகி)

திருப்பூரில் பஞ்சுக்குப் பஞ்சமா?

அமெரிக்கா போட்ட வரி கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கும் உண்டா?
(வீரபாண்டி வாசகர்)

இந்தியப் பொருள்களுக்கு அது 2025 ஆகஸ்ட் 27-இல் 50 சதவீதமானது. பண்டிகைச் சரக்கு போகிற நேரம் பார்த்து! ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோன வீட்டில் அப்பா விளக்கு வைக்கும் முன்பே வந்துவிட்டாரே என்று குழந்தை குதித்திருக்கும். அப்பா குதித்திருக்க மாட்டார்.

காதர்பேட்டையில் மகளுக்கு மான் படம் போட்ட சட்டை வாங்கினேன். ஒரு கண்தான் அச்சாகியிருக்கிறது. மாற்றலாமா?
(அனுப்பர்பாளையம் வாசகர்)

மகளைக் கேட்டீர்களா? செக்கிங் அக்காவுக்கு அது ரிஜெக்ட் பீஸ். உங்கள் மகளுக்கு அது கண்ணடிக்கிற மான். மாற்றிப்பாருங்கள், வீடு இரண்டாகும்.

கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு அந்தக் கோட்டில் வேர்க்காதா?
(ராயபுரம், இரண்டாம் வகுப்பு)

வேர்க்கும் கண்ணு. அவருக்கு முன்னோடியான புனித நிக்கோலாஸ் இன்றைய துருக்கியில் இருக்கும் மைரா ஊர் பிஷப். அவருக்குக் கலைமானும் கிடையாது, இந்தக் கோட்டும் கிடையாது. இந்த வருசம் தாத்தா வந்தால் அப்பாவிடம் சொல்லி ஒரு கைவைத்த பனியன் கொடுத்துவிடு. சைஸ் டபுள் எக்ஸ்எல்.