அச்சு முறுக்கின் பிறப்பும் சுற்றோட்டமும்: ஜார்ஜ்டவுனை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

பினாங்குத் தமிழர் வீடுகளில் தீபாவளி நெருங்கும்போது அச்சு முறுக்கு சுடுவார்கள். பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், முட்டை, சீனி, ஒரு சிட்டிகை உப்பு. பூ வடிவப் பித்தளை அச்சை எண்ணெயில் காயவைத்து, மாவில் முக்கி, மறுபடி எண்ணெயில் இறக்கி, ஓர் உதறு உதறினால் பூ கழன்று மிதக்கும். இது தமிழர் பலகாரம் என்பதில் ஜெலுத்தோங் முதல் ஆயர் ஈத்தாம் வரை எவருக்கும் ஐயமில்லை. ஐயமில்லாத இடத்தில் ஆய்வுக்கு வேலையில்லை. ஆகவே ஐயத்தை உண்டாக்குவதே இவ்வாய்வின் முதல் நோக்கம்.

ஐயத்துக்குக் காரணம் நார்வே. அந்நாட்டில் கிறிஸ்துமஸுக்கு ஏழு வகைப் பலகாரம் வீட்டிலேயே சுட்டு அடுக்குவது மரபு. அடுத்த நாடான ஸ்வீடனில் ‘ஏழு வகைப் பலகாரம்’ என்ற பொருள்படும் பெயரிலேயே 1945-இல் ஒரு சமையல் நூல் வந்து, இன்றுவரை மறுபதிப்பாகிறது. இந்தப் பண்டிகைப் பலகாரங்களுள் ஒன்றை நார்வேக்காரர்கள் ரொசெட்பக்கெல்ஸ் என்பார்கள், ஸ்வீடனில் ஸ்ட்ரூவா, பின்லாந்தில் ரொசெட்டி. நீண்ட கம்பியின் நுனியில் பூ அச்சு. கொதிக்கும் கொழுப்பு. முக்கு, இறக்கு, உதறு. சுட்டபின் மேலே பொடித்த சீனியைத் தூவுகிறார்கள் என்பது ஒன்றே கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. படத்தைக் காட்டியபோது பினாங்குத் தகவலாளர் ஒருவர் கேட்ட கேள்வியும் அதுதான்: “அச்சு முறுக்கு நல்லாத்தானே வந்திருக்கு, மேல ஏன் மாவக் கொட்டிட்டாங்க?”

உட்பொருளிலும் உறவு உண்டு. ஸ்காண்டிநேவியர் பலர் இதைத் தேங்காய்க் கொழுப்பில் பொரிக்கிறார்கள். தென்னையே முளைக்காத நாட்டில் தேங்காய் வாணலிக்குள் இருக்கிறது. நம் வீட்டில் மாவுக்குள் இருக்கிறது. எங்கே இருந்தாலும் தேங்காய் இருந்தாக வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

முன்னோர் கொள்கைகளும் மறுப்பும்

முதலாவது, டேனியர் வழிக் கொள்கை. பிரான்சிஸ் லைட் 1786-இல் பினாங்கில் கொடியேற்றுவதற்கு 166 ஆண்டுகளுக்கு முன்பே, 1620-இல், தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியைப் பெற்று டேனியர் கோட்டை கட்டினார்கள். 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை நடுவே சில காலம் தவிர அங்கேயே இருந்தார்கள். இத்தனை கிறிஸ்துமஸ்களில் ஒரு முறையாவது அடுப்படியில் அச்சு கைமாறியிருக்காதா என்று கேட்பார்கள் இக்கொள்கையார். 1756-இல் டேனியர் நிக்கோபார் தீவுகளையும் பிடித்தார்கள். அதற்கும் பினாங்குக்கும் நடுவே இருப்பது கடல் மட்டுமே. 1906-இல் ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் ஹிலிர் பேராக்கில் ஜெண்டராத்தா தோட்டத்தைத் தொடங்க, தமிழரும் டேனியரும் மீண்டும் ஒரே மண்ணில் சந்தித்துக்கொண்டார்கள்.

இன்னொரு சான்றும் தருவார்கள். டேனியர் கிறிஸ்துமஸுக்குச் சுடும் எபிள்ஸ்கீவர், குழிக்கல்லில் ஊற்றித் திருப்பிப்போட்டு எடுக்கும் உருண்டைப் பலகாரம். அந்தக் கல்லைத் தண்ணீர்மலைப் பக்கத்து ஆச்சி ஒருவரிடம் கொடுத்தால், பணியாரக்கல் என்று வாங்கி உள்ளே வைத்துவிடுவார். திரும்பக் கேட்பது கடினம்.

இவையெல்லாம் உண்மை. ஆயினும் அச்சு எந்தக் கப்பலில் ஏறியது என்று கேட்டால் இக்கொள்கையார் பேச்சை மாற்றிப் பணியாரத்துக்குத் தாவுகிறார்கள்.

இரண்டாவது, ஒல்லாந்தர் வழிக் கொள்கை. இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுத் தட்டில் கொக்கிஸ் என்ற பெயரில் இருப்பது இதுவே. அது ஒல்லாந்தர் கொடை என்பது அங்கே பொதுவழக்கு. கேரளத்தில் இது அச்சப்பம். ஆங்கிலோ-இந்தியர் வீட்டுக் கிறிஸ்துமஸில் ரோஸ் குக்கி. மலாக்காவை 1511-இல் போர்த்துகீசியரும் 1641-இல் ஒல்லாந்தரும் பிடித்தார்கள் என்பதால் கொள்கை வலுவாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே பூ ஈரானிலும் மெக்சிகோவிலும் பூக்கிறது. இத்தனை ஊருக்கும் ஒல்லாந்தரே அச்சு சுமந்தார்கள் என்றால் மிளகு ஏற்ற அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது.

மூன்றாவது, தமிழ்க் கொள்கை. “எங்க பாட்டி செய்வாங்க” என்பதே இதன் ஒரே ஆதாரம். இது மறுக்க முடியாதது. இடர் என்னவென்றால், மேற்சொன்ன எல்லா நாட்டாருக்கும் பாட்டி உண்டு.

களமும் கருதுகோளும்

பிறப்பை ஆராய்ந்து பயனில்லை என்று தெளிந்தபின் ஆய்வு சுற்றோட்டத்தின் பக்கம் திரும்பியது. ஜார்ஜ்டவுனில் தீபாவளிக்கு அச்சு முறுக்காக இருப்பது டிசம்பரில் கிறிஸ்தவத் தமிழர் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேசையில் இருக்கிறது. சீனப் புத்தாண்டில் தேன்கூடு பிஸ்கட்டாகச் சீனர் வீட்டில் இருக்கிறது. நோன்புப் பெருநாளில் குவே ரோஸ், குவே லோயாங், குவே கோயாங் எனப் பல பெயர்களோடு மலாய்க்காரர் வீட்டில் இருக்கிறது. நான்கு வீடுகளிலும் அது அடைபட்டிருப்பது சிவப்பு மூடி போட்ட, விளிம்பில் செல்லோடேப் சுற்றிய, அதே பிளாஸ்டிக் போத்தலில். இதிலிருந்து பிறக்கும் கருதுகோள் வருமாறு: பினாங்குத் தீவில் இருப்பது ஒரே ஒரு போத்தல் அச்சு முறுக்குதான், அது ஆண்டு முழுவதும் சுற்றி வருகிறது.

விதி ஒன்று: பலகாரம் வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பாது. சுற்றோட்டத்தின் இயக்கு விசை இதுவே. பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டியிடம் தீபாவளிக்குப் போன போத்தல் புத்தாண்டில் குவே காப்பிட் நிரம்பித் திரும்பும். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மாவை, கோலம் செதுக்கிய இரட்டை இரும்புத் தகடுகளுக்கிடையே ஊற்றி, கரி அடுப்பில் இருபுறமும் வாட்டுவார்கள். திறந்ததும் விளிம்பில் வழிந்ததைக் கத்தியால் வழித்துவிட்டு, விரல் சுடச்சுட நான்காக மடிக்க வேண்டும். சற்றுத் தாமதித்தாலும் மடியாது, உடையும். நார்வேயில் இதே இரட்டைத் தகட்டில் வெண்ணெயும் ஏலக்காயும் சேர்த்து வாட்டி, மடிப்பதற்குப் பதில் கூம்பாகச் சுருட்டினால் அதற்குப் பெயர் க்ரும்காக்கே. ஏலக்காய் எந்த மலையிலிருந்து அந்தப் பனிநாட்டுக்குப் போனது என்பதை இங்கே கிளறினால் ஆய்வு மறுபடி கப்பலேறிவிடும்.

விதி இரண்டு: இரு பண்டிகைகள் மோதினால் சுற்றோட்டம் தடுமாறும். இஸ்லாமிய ஆண்டு ஏறத்தாழ 11 நாள் குறுகியது; எனவே பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகர்ந்து மற்றப் பண்டிகைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் போகிறது. 1996 முதல் 1998 வரை சீனப் புத்தாண்டோடு கூடியது. கொங்சி ராயா என்றார்கள். 2004 முதல் 2006 வரை தீபாவளியோடு கூடியது, தீபராயா என்றார்கள். அரசியலார் இதை ஒற்றுமை என்று வாழ்த்தினார்கள். பலகாரவியல் நோக்கில் இது நெரிசல். இரண்டு வீட்டாரும் ஒரே மாலையில் ஒரே பலகாரத்தோடு வாசல் கேட்டில் எதிரெதிரே நின்று, போத்தலை மாற்றிக்கொண்டு உள்ளே போவதைத் தவிர வேறு வழியில்லை.

விதி மூன்று: நமுத்துப் போவதற்குள் கைமாற்ற வேண்டும். மொறுமொறுப்பு என்பது நீர் வற்றி இறுகிய மாவுச்சத்தின் நிலை; காற்றின் ஈரம் உட்புகுந்தால் இறுக்கம் தளரும். தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் பினாங்கில் அடைமழைக் காலம். நார்வேயில் பனிக்காலத்தில் வெளிக்காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் வைத்திருப்பதால் அது காய்ந்து கிடக்கும், பலகாரம் அவசரப்படுத்தாது. இங்கே மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டால் மறுநாளே நமுத்துவிடும், மலாயில் சொன்னால் லெமாவ். நம் வள்ளல் தன்மையில் ஒரு பங்கு வானிலையைச் சேரும்.

செய்முறைச் சோதனை

நார்வேயின் பெர்கனிலும் நம் ஜெலுத்தோங்கிலும் ஒன்றுபோல் நிகழ்வது முதல் பூ அச்சைவிட்டுக் கழலாமை. அச்சு போதிய சூடேறாவிட்டால் மாவு உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்திருந்தால் தொட்டதும் மாவின் அடி இறுகி, நீராவி எழும்பி, பூ விலகும். மாவில் முக்கும்போது அச்சின் மேல் விளிம்பு வெளியே தெரிய வேண்டும். முழுதும் மூழ்கினால் மாவு மேலேயும் மூடிக் கவ்விக்கொள்ளும். இந்த இரு விதிகளையும் குவாலி முன் நிற்கும் மாமியார் இரண்டே சொற்றொடரில் சொல்லிவிடுகிறார்: “காயட்டும்மா. முழுசா முக்காத.” நார்வே மாமியாரும் இதையே சொல்வார், தொனியை மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

தொல்பொருட் சான்று

எதிர்ப்பாளர் ஒருவர், ஸ்காண்டிநேவியத் தொடர்புக்குக் கண்ணால் காணும் பொருள் உண்டா என்று கேட்கலாம். உண்டு. டென்மார்க்கின் வெண்ணெய் பிஸ்கட் வந்த நீல நிற வட்ட டின், பினாங்குத் தமிழர் வீடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. அதனுள் டேனிஷ் பிஸ்கட் இருப்பது அரிது. தீபாவளி வாரத்தில் திறந்தால் பெரும்பாலும் அச்சு முறுக்கே இருக்கும். டேனியர் வழிக் கொள்கையார் தேடிய கலம் கடைசியில் இதுதான்: உள்ளே பூ, வெளியே டென்மார்க்.

முடிவும் பரிந்துரையும்

அச்சு முறுக்கு யாருடையது என்ற வினா அதைச் சுடுபவரிடம் எழுவதில்லை. அவர் கை உதறிக்கொண்டிருக்கிறது. யாரிடமிருந்து போத்தல் வந்தது, யாருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதே அவர் கணக்கு. எனவே இப்பலகாரத்தின் உரிமையாளர், அடுத்துக் கொடுக்கக் கடன்பட்டவரே என்று இவ்வாய்வு முடிவு செய்கிறது.

நார்வேக்காரர் எவரேனும் பினாங்குக்கு வந்து இது எங்கள் பலகாரம் என்று உரிமை கோரினால் வாதிட வேண்டாம். ஒரு போத்தல் நிரப்பி, செல்லோடேப் சுற்றி, கையில் கொடுத்தனுப்பவும். விதி ஒன்றின்படி அது வெறுமையாகத் திரும்ப இயலாது. ஏழு வகையையும் அவர் அதில்தான் அடைத்தாக வேண்டும்.