நச்சுயிர் விலக்கு படலம்

வைரசை விலக்கும் காய்கறிச் செடிகள் நால்வகைப்படும்: எரிப்பன, அடக்குவன, கொடாதன, பொறுப்பன. ஐந்தாவது ஒன்று உண்டென்பாரும் உளர். அது போலி என்பது பின்னர்க் கூறப்படும். விதைப் பொட்டலக்காரர்கள் எல்லாவற்றுக்கும் 'வைரஸ் எதிர்ப்பு ரகம்' என்று ஒரே முத்திரை குத்துவர். அவர்கள் கற்றது இலக்கணம் அன்று, வணிகம்.

எரிப்பனவாவன, வைரஸ் புகுந்த இடத்துச் செல்களைத் தாமே சாகடித்து, ஒரு புள்ளியோடு நோயை நிறுத்துவன. காட்டு: புகையிலையின் 'என்' மரபணு. புகையிலை காய்கறியோ எனின், அன்று. தக்காளிக்கும் கத்தரிக்கும் பங்காளி ஆதலின் ஈண்டு இடம்பெற்றது. இம்மரபணு 28 பாகை செல்சியசுக்கு மேல் உறங்கிவிடும். வைரஸ் செடியெங்கும் பரவும். வெயில் தணிந்ததும் விழித்துக்கொண்டு, பரவிய இடமெல்லாம் எரிக்க, செடியே மாண்டுபோகும். இத்தகைய காவலரை அலுவலகங்களிலும் காணலாம்.

தக்காளியின் டிஎம்-2ஏ மரபணுவும் இக்குலமே. எரித்த தழும்பு பெரும்பாலும் தெரியாது. ஆயினும் கருவி ஒன்றே. பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து வந்த இது, செல்லுக்குச் செல் தாவ வைரஸ் பயன்படுத்தும் புரதத்தை அடையாளம் கண்டு தடுக்கும். அரை நூற்றாண்டு அசையாமல் நின்றது. 2014-இல் இஸ்ரேலில் தலைகாட்டிய பழுப்புச் சுருக்கப் பழ வைரஸ் அப்புரதத்தைச் சற்றே மாற்றிக்கொண்டு வந்தது. காவல் அதை அறியவில்லை.

அடக்குவன சுருங்கக் கூறப்படும். தக்காளி இலைச்சுருட்டைக்கு எதிரான டை-1 மரபணு, வைரசைக் கொல்லாது. அதன் மரபுப்பொருளில் வேதிக் குறிகளை ஏற்றி வாயடைக்கும். வெள்ளரித் தேமல் வைரஸ் கூடவே புகுந்தால் இந்த அடக்குமுறை தளர்ந்துவிடும்.

கொடாதனவே இவ்வாசிரியர் விரும்பும் வகை. என்னை? இவை எதையும் செய்வதில்லை. பொட்டிவைரஸ் குடும்பத்தார்க்குப் புரதம் செய்யும் பட்டறை சொந்தமாகக் கிடையாது. செடியின் இஐஎஃப்4ஈ என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே வேலையைத் தொடங்குவர். அப்புரதத்தில் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறியிருந்தால் பிடி வழுக்கிவிடும். மிளகாயின் பிவிஆர்2, லெட்யூசின் எம்ஓ1, பட்டாணியின் எஸ்பிஎம்1 யாவும் இவ்வழி வந்தவை. செடியின் பிழைப்பு கெடாதோ எனின், கெடாது. அதே வேலைக்குத் தம்பி முறையில் இன்னொரு புரதம் உண்டு.

இவை ஒடுங்கு மரபணுக்கள். தாய் தந்தை இருவரும் தந்தாலன்றிப் பயன் தரா. ஒருவர் நல்ல புரதம் தந்துவிட்டால் வைரசுக்கு அதுவே போதும். ஆதலின் இரண்டாம் தலைமுறையில் நான்கில் மூன்று நோயுறும், ஒன்று தப்பும். வீரிய ஒட்டு விதை செய்வோர் முகம் சுளிப்பதும் இதனாலேயே: இரு பெற்றோரையும் திருத்த வேண்டும், செலவு இரட்டிப்பு. மெண்டல் பட்டாணியை எண்ணி 1866-இல் அச்சிட்டபோது வைரஸ் என்ற ஒன்று எவர்க்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மடத்துத் தோட்டத்தில் இன்னுமொரு நிரல் எண்ணியிருப்பார்.

பொறுப்பன, வைரசை உள்ளே வைத்துக்கொண்டே முகத்தில் காட்டாதவை. வெண்டையின் மஞ்சள் நரம்புத் தேமலுக்கு எதிராக டெல்லியில் உருவான பூசா சவானி, வங்காளத்திலிருந்து வந்த அறிகுறி காட்டாத வெண்டையின் வழித்தோன்றல். சில காலம் கொடிகட்டிப் பறந்து, பிறகு தோட்டம் தோட்டமாக மஞ்சளித்தது. அதன்பின் காட்டு வெண்டையிடம் கையேந்த, அர்கா அனாமிகா பிறந்தது. பொறுப்பனவற்றின் குற்றம் யாதெனின், தாம் பிழைப்பினும் வெள்ளை ஈயின் வழியே அண்டை வயலுக்கு நோயை அனுப்புதல்.

இனிப் போலி. இதற்கு மரபணு ஏதுமில்லை. அவ்வாண்டு வெள்ளை ஈ வரவில்லை, அவ்வளவே. பசுமையாய் நிற்கும் இதனை மேற்கூறிய நால்வரிடமிருந்து கண்ணால் பிரித்தறிய இயலாது. நோயுற்ற செடியில் சாறுண்ட ஈக்களைக் கூண்டுக்குள் இதன்மேல் ஏவ வேண்டும். அதற்கும் தப்பினால், நோயுற்ற கிளையை ஒட்டுக்கட்டிப் பார்க்க வேண்டும். ஆய்வாளர் கூண்டு கட்டி முடிப்பதற்குள், அந்த விதை இரண்டு பருவம் விற்றிருப்பதும் உண்டு.