செய்முறைச் சக்கரவிருத்தி: ஓர் ஆராய்ச்சி

வட்டிக்கு வட்டி என்று நாம் முகஞ்சுளித்துச் சொல்வதைச் சக்கரவிருத்தி என்று கௌரவமாக அழைத்த நம் தர்ம சாஸ்திரக்காரர்கள், அந்தச் சக்கரத்தைக் கண்டு உள்ளூர நடுங்கியவர்கள்தாம் என்பது, ஒரே தடவையில் வாங்கும் வட்டியும் முதலும் சேர்ந்து இரட்டிப்புக்கு மேல் போகலாகாது என்று மனுஸ்மிருதியின் எட்டாம் அத்தியாயம் விதித்திருப்பதிலிருந்தே விளங்கும். அந்த விதி எங்கள் ஊரான காமயகவுண்டன்பட்டி வரை வந்து சேரவில்லை என்பதற்கு, செய்முறை என்று நாங்கள் சொல்லும் மொய்க்கு என் பாட்டனார் வைத்திருந்த நோட்டே சாசனம்.

முதல் பக்கத்தில் மஞ்சளும் பிள்ளையார் சுழியுமாகத் தொடங்கும் அந்த நோட்டில், 1964 ஆவணியில் நடந்த அத்தை கல்யாணத்துக்கு ஓர் உறவினர் எழுதிய தொகை 5 ரூபாய். இரு வீடுகளுக்கும் இடையே காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று மாறி மாறிப் போய்வந்த அந்த ஐந்து, 11 ஆகி, 51 ஆகி, 101 ஆகி, 2024இல் 1,001 ஆக எங்கள் வாசலுக்கு வந்தது. அறுபது வருஷத்துக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 9க்குச் சற்று மேல் விழுகிறது. 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் காலம் கிடைக்கும் என்ற பழைய சூத்திரப்படி, எட்டு வருஷத்துக்கு ஒருமுறை இரட்டித்திருக்கிறது. இதற்குப் பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை.

ஒப்புநோக்க வேறொரு கணக்கும் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் வயலுக்கும் திராட்சைப் பந்தலுக்கும் தண்ணீர் தரும் பெரியாறு அணைக்காக, 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் சமஸ்தானம் 8,000 ஏக்கரைச் சென்னை மாகாணத்துக்கு 999 வருஷக் குத்தகைக்கு விட்டபோது, ஏக்கருக்கு 5 ரூபாய் என்று பேசியது. 1970இல் அது 30 ரூபாயாயிற்று. அதாவது 84 வருஷத்தில் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்குச் சற்றே மேல். ராஜாங்கங்களின் ஐந்து ரூபாய் ஆறு மடங்கானதற்குள் எங்கள் ஐந்து ரூபாய் எங்கோ போய்விட்டது. திவான்களுக்கு மொய் எழுதிப் பழக்கமில்லை போலும்.

வாங்கியதை அப்படியே திருப்பி எழுதுவது எங்கள் பக்கத்தில் கணக்கை முடித்துக்கொள்வதற்கு, அதாவது உறவை அறுப்பதற்குச் சமானம். ஆகவே கூடுதலாக எழுதுகிறோம். கடன்காரனாகவே இருக்க இரு தரப்பும் போட்டியிடும் இந்த விசித்திர வியாபாரத்தைப் பொருளாதார சாஸ்திரிகள் ஏன் கவனிக்கவில்லையோ, தெரியவில்லை.

மனஸ்தாபமும் இதே சக்கரத்தில்தான் சுழல்கிறது. 1979இல் எங்கள் வீட்டு விசேஷத்தில் மொய் எழுத உட்கார்ந்தவர், பந்தியில் பாயசம் தீர்ந்துவிடுமோ என்ற கவலையில், பக்கத்துத் தெருக்காரர் கொடுத்த 51ஐ 15 என்று எழுதிவிட்டார். அந்தத் தெருக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பாட்டனார் நோட்டைப் பார்த்து, பெருந்தன்மையோடு 21 எழுதினார். நோட்டில் குறைந்துபோன 36 ரூபாய், 9 சதவீதத்தில், 45 வருஷத்தில் சுமார் 1,740 ஆகும். அதைக் கொடுத்துத் தீர்க்க என் தகப்பனார் இரண்டு முறை தூது விட்டும் பலிக்கவில்லை.

இப்போது மொய் கம்ப்யூட்டரில் ஏறி ரசீதாக வருகிறது. போன வருஷம் என் தங்கை மகள் கல்யாணத்தில், அந்தப் பக்கத்துத் தெருக்காரரின் பேரன் வரிசையில் நின்று, ஒரு பத்து ரூபாய்த் தாளையும் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும் மேஜைமேல் வைத்தான்.

“பதினஞ்சுன்னு அடிங்கண்ணே. எண்ணுல மட்டும் வேணாம், எழுத்துலயும் போடுங்க” என்றான். ரசீதை வாங்கி இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு, நேரே பந்திக்குப் போய் உட்கார்ந்தான்.